சிறிய இணையக்கடை நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: தளத்தின் பாதுகாப்பும் பராமரிப்பும்

இணையத்தில் பொருள் விற்கும் சிறு கடைகளின் தளங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் வேலை. கடை தொடங்கப் போகிறவர்களும், தொடங்கிச் சில வருடம் ஆனவர்களும், தளம் முடங்கிப்போய்ப் பதறி அழைப்பவர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கணினிப் பயிற்சி இல்லாத ஒரு கடைக்காரர் தம்மால் முடிந்ததைத் தாமே செய்துகொள்ளவும், முடியாததைத் தம் டெவலப்பரிடம் தெளிவாகக் கேட்டு வாங்கவும் இது பயன்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

என்னுடையது மிகச் சிறிய கடை. இதைப் போய் யார் ஹேக் செய்யப் போகிறார்கள்?

உங்கள் கடையை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் தாக்குபவருக்குத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை. இணையத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் அவை நுழைகின்றன, அது பெரிய வங்கியா சிறிய கடையா என்று பார்ப்பதில்லை.

ஒருமுறை புதிதாக வாங்கிய ஒரு டொமைனில் (இணைய முகவரியில்), முகவரியை ஒருவருக்கும் சொல்லாமல், ‘விரைவில்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் உள்ள பக்கத்தை ஏற்றி வைத்திருந்தேன். பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிய சற்று நேரத்திலேயே சர்வரின் (தளம் இயங்கும் கணினியின்) வருகைப் பதிவேட்டில் வரிகள் விழத் தொடங்கின. முதல் வரி, தளம் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் உள்நுழைவுப் பக்கத்தைக் கேட்டது. அந்தத் தளத்தில் வேர்ட்பிரஸே கிடையாது. அடுத்தது தரவுத்தளத்தின் கடவுச்சொல் எழுதி வைக்கப்படும் அமைவுக் கோப்பைக் கேட்டது. அதற்கடுத்தது, யாரோ மறந்து விட்டுப்போன காப்புநகல் சிப் கோப்பு இருக்கிறதா என்று, வழக்கமாக வைக்கப்படும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. முகவரி எப்படித் தெரிந்தது என்றால், இன்று வழங்கப்படும் சான்றிதழ்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் பதிவாகின்றன. சான்றிதழ் வாங்கிய நொடியிலேயே புதிய தளம் பிறந்த செய்தி வெளியாகிவிடுகிறது.

நுழைந்த பின் அவர்களுக்குக் கிடைப்பது என்ன என்று கேட்கலாம். உங்கள் சர்வரிலிருந்து ஸ்பேம் மின்னஞ்சல் அனுப்பலாம். ஒரு வங்கியின் பெயரில் போலிப் பக்கம் வைக்கலாம். கூகுளிலிருந்து வருபவர்களை மட்டும் வேறு தளத்துக்குத் திருப்பி விடலாம். பணம் செலுத்தும் பக்கத்தில் அட்டை எண்களைத் திருடும் நிரலை ஒட்ட வைக்கலாம். இவற்றில் ஒன்றுக்குக்கூட உங்கள் கடை பெரியதாக இருக்க வேண்டியதில்லை.

டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்), மின்னஞ்சல் ஆகியவை யார் பெயரில் இருக்க வேண்டும்?

கடை உரிமையாளரின் பெயரில், அவர் மட்டுமே திறக்கக்கூடிய கணக்கில் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன். ஏனென்றால் நான் பார்த்த வரையில் சிறு கடைகள் ஹேக்கர்களிடம் இழந்ததைவிட இந்த ஒரு கவனக்குறைவில் இழந்ததே அதிகம்.

வழக்கமாக நடப்பது இதுதான். கடை தொடங்கும் அவசரத்தில், தளம் செய்துகொடுப்பவர் தம்முடைய கணக்கிலேயே டொமைனையும் வாங்கிவிடுகிறார். அதில் அவருக்குத் தீய எண்ணம் எதுவும் இருக்காது. அவருக்கு அது வசதி, கடைக்காரருக்கும் ஒரு வேலை மிச்சம். மூன்று நான்கு வருடம் கழித்து அவர் தொழிலை மாற்றிக்கொள்கிறார், அல்லது தொலைபேசி எண்ணை மாற்றிவிடுகிறார். புதுப்பிப்பு நினைவூட்டல்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒருநாள் காலையில் தளம் திறப்பதில்லை. என்னிடம் வந்த ஒருவர், பையிலும் பெட்டியிலும் ரசீதிலும் அச்சிட்டு வைத்திருந்த முகவரி தம் பெயரில் இல்லை என்பதையே அன்றுதான் அறிந்துகொண்டார்.

காலாவதியான டொமைன் உடனே கைவிட்டுப் போய்விடுவதில்லை. டாட் காம் போன்ற பொது டொமைன்களில், பதிவாளர் (டொமைனை விற்றுப் பதிவு செய்யும் நிறுவனம்) அதை நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அந்த நாட்களில் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கலாம். ஆனால் மீட்கும் உரிமை கணக்கு வைத்திருப்பவருக்குத்தான், முகவரியை வருடக்கணக்கில் பயன்படுத்தியவருக்கு அல்ல. அந்தக் காலமும் கடந்து டொமைன் விடுவிக்கப்பட்டால், வேறொருவர் அதை வாங்கி, உங்கள் பழைய மின்னஞ்சல் முகவரிகளையே மீண்டும் உருவாக்கிக்கொள்ள முடியும். ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று ஒவ்வொரு சேவையிலும் அழுத்தினால், மாற்றுவதற்கான இணைப்புகள் நேராக அவர் கையில் போய்ச் சேரும்.

ஆகவே இன்றே உங்கள் டொமைன் பதிவாளரின் தளத்தில் நீங்களே உள்நுழைந்து பாருங்கள். உள்நுழைய முடியவில்லை என்றால் அதைச் சரிசெய்வதுதான் உங்கள் முதல் வேலை. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள்; டொமைனை வேறு பதிவாளருக்கு மாற்ற விடாத இடமாற்றப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; அதற்கான பணம் பிடிக்கப்படும் அட்டை காலாவதியாகாமல் இருக்கட்டும். இன்னொரு நுணுக்கம்: பதிவாளரிடம் கொடுக்கும் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே முடங்கும். சாவியைப் பூட்டிய அறைக்குள்ளேயே வைத்தது போல் ஆகிவிடும்.

உலாவியில் பூட்டுச் சின்னம் தெரிகிறது. என் தளம் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. வாடிக்கையாளரின் உலாவிக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே போகும் தரவை வழியில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாது என்பதை மட்டுமே அந்தச் சின்னம் குறிக்கும் எச்டிடிபிஎஸ் உறுதி செய்கிறது. சர்வருக்குள் ஏற்கனவே புகுந்துவிட்ட ஒருவரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. போலி வங்கித் தளங்களும் முறையான சான்றிதழோடுதான் இயங்குகின்றன.

அதே நேரத்தில் அது இல்லாமல் கடை நடத்தவும் முடியாது. 2018 ஜூலையில் வந்த குரோம் 68-ஆம் பதிப்பிலிருந்து எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்கள் எல்லாமே ‘பாதுகாப்பற்றது’ என்ற அடையாளத்தோடு காட்டப்படுகின்றன. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் அதற்கான சான்றிதழை இலவசமாகவே வழங்கி வருவதால் செலவு ஒரு காரணமே இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது புதுப்பிப்பு. லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாள் மட்டுமே செல்லும். மற்ற நிறுவனங்கள் தரும் சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது: 398 நாளாக இருந்த உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் கூடி முடிவெடுத்திருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை நினைவு வைத்துக்கொண்டு கையால் மாற்றும் வழக்கம் இனி எடுபடாது. உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் தானாகப் புதுப்பிக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காலாவதி எச்சரிக்கை மின்னஞ்சல்களை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது என்பதால் அதை நம்பியிருந்தவர்கள் வேறு கண்காணிப்பை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே தன் வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. மாதந்தோறும் மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள். அதை ஊகிப்பது மிக எளிது.

உண்மையான ஆபத்து ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவதில் இருக்கிறது. என்றோ பதிவு செய்து மறந்துபோன ஒரு தளத்திலிருந்து உங்கள் கடவுச்சொல் கசிந்தால், அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் ஆயிரக்கணக்கான தளங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். கடவுச்சொல் மேலாளர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு நீண்ட சொல்லை அதுவே உருவாக்கும்படி விட்டுவிடுங்கள். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது அந்த மேலாளரின் கடவுச்சொல் ஒன்றைத்தான்.

அடுத்தது இரண்டு கட்டச் சரிபார்ப்பு. முதலில் மின்னஞ்சல், பிறகு டொமைன் பதிவாளர், ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே (வாடிக்கையாளரின் பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்), கடைசியாகத் தளத்தின் அட்மின் என்ற வரிசையில் அதை இயக்குங்கள். பலர் அட்மின் பக்கத்தை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மின்னஞ்சலை விட்டுவிடுகிறார்கள். மின்னஞ்சலைப் பிடித்தவர் மற்ற எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் மாற்றிக்கொள்ள முடியும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி எதுவுமே இல்லாததைவிட நல்லது என்றாலும், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புதிய சிம் வாங்கிவிடும் மோசடி இருப்பதால், 30 நொடிக்கொரு முறை எண் மாறும் ஆத்தென்டிகேட்டர் செயலி மேலானது. போலிப் பக்கத்தில் ஏமாந்து தட்டச்சு செய்ய வாய்ப்பே இல்லாத பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையாலோ கைபேசிப் பூட்டாலோ நுழையும் முறை) வசதியை உங்கள் சேவை தருமானால் அதைப் பயன்படுத்துங்கள். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரமாக வைக்கவும் மறக்க வேண்டாம். கைபேசி தொலைந்த நாளில்தான் அவற்றின் அருமை தெரியும்.

வேர்ட்பிரஸில் கடை நடத்துவது ஆபத்து என்கிறார்களே?

2003-இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் இன்று உலகில் உள்ள தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேலானவற்றை இயக்குகிறது. அதனாலேயே அதைக் குறிவைக்கும் நிரல்களும் அதிகம். ஆனால் வேர்ட்பிரஸின் மையப்பகுதியைப் பல கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சிறு பாதுகாப்புத் திருத்தங்களை 2013-இல் வந்த 3.7-ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே நிறுவிக்கொள்கிறது. ஓட்டைகளில் மிகப் பெரும்பாலானவை கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்களிலும் தோற்றத்துக்கான தீம்களிலும்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன. எனவே கேள்வியை ‘எத்தனை பிளகின் வைத்திருக்கிறேன், அவற்றை எழுதியவர்கள் இன்னும் கவனிக்கிறார்களா’ என்று மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை வருடமாகத் திருத்தம் எதுவும் வராத பிளகினை நான் என் பொறுப்பில் உள்ள தளங்களில் வைத்திருப்பதில்லை. முடக்கி வைத்தால் மட்டும் போதாது, நீக்கிவிட வேண்டும்; முடக்கப்பட்ட பிளகினின் கோப்புகள் சர்வரிலேயே இருப்பதால் சில ஓட்டைகளை அப்போதும் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

விலை கொடுத்து வாங்க வேண்டிய பிளகினை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். அந்தக் கோப்புகளில் ரகசியமாக நுழைவதற்கான பின்கதவு வைத்திருப்பதுதான் அவற்றை இலவசமாகத் தருவதற்கான காரணம்.

அப்டேட் போட்டால் தளம் உடைந்துவிடும் என்று டெவலப்பர் தடுக்கிறார். என்ன செய்வது?

அவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அப்டேட்டுக்குப் பின் வண்டிப் பக்கம் (வாங்கப் போகும் பொருட்களைச் சேர்க்கும் பக்கம்) வேலை செய்யாமல் போன தளங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தள்ளிப்போடுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு நிகழ்வு போதும். 2014 அக்டோபர் 15 அன்று வேர்ட்பிரஸ் போலவே தளம் நடத்தப் பயன்படும் ட்ரூபல் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டைக்கான திருத்தம் வெளியானது. சில மணி நேரத்திலேயே தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. அறிவிப்பு வெளிவந்து 7 மணி நேரத்துக்குள் திருத்தப்படாத தளம் எதுவானாலும் அது ஏற்கனவே கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பிறகு எச்சரித்தது. திருத்தம் வெளியாகும்போது ஓட்டை எங்கே இருந்தது என்பதும் சேர்ந்தே வெளியாகிறது. தளத்தின் ஒரு சோதனைப் பிரதியை வைத்துக்கொண்டு, அதில் முதலில் அப்டேட் போட்டு, ஒரு ஆர்டரை முழுமையாகச் செய்து பார்த்துவிட்டு உண்மைத் தளத்தில் போடச் சொல்லுங்கள். பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றைக்கே, மற்றவை வாரம் ஒருமுறை என்று உடன்படிக்கை வைத்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளரின் அட்டை விவரங்களை நம் தளத்திலேயே வாங்கலாமா?

வாங்காதீர்கள். பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கு வாடிக்கையாளரை அனுப்பி, அங்கே பணம் செலுத்திவிட்டுத் திரும்பி வரும்படி செய்யுங்கள். அட்டை நிறுவனங்கள் 2004-இல் கொண்டுவந்த பிசிஐ டிஎஸ்எஸ் என்ற தரவிதிகள் அட்டை எண்ணைத் தொடும் எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும். அந்த எண் உங்கள் சர்வர் பக்கமே வராவிட்டால் நீங்கள் நிறைவேற்ற வேண்டிய விதிகள் மிகவும் சுருங்கிவிடும். அட்டையின் பின்புறம் உள்ள சிவிவி எண்ணைப் பரிவர்த்தனை முடிந்த பிறகு குறியாக்கம் செய்துகூடச் சேமிக்கக் கூடாது என்பது அவ்விதிகளில் திட்டவட்டமாக உள்ளது. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அட்டை விவரத்தைக் கேட்டு வாங்கும் கடைகள் இதை மீறுகின்றன என்பதைப் பலர் உணர்வதே இல்லை.

தம் பக்கத்திலேயே அட்டை எண்ணை வாங்கும் பெரிய நிறுவனங்களுக்கே இது எவ்வளவு கடினம் என்பதை 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்தது காட்டியது. தளம் பயன்படுத்திய ஒரு ஜாவாஸ்கிரிப்ட் (உலாவியில் இயங்கும் நிரல்) கோப்பில் தாக்கியவர்கள் சேர்த்தது 22 வரிகள். வாடிக்கையாளர் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தும்போது, தளத்தின் பெயரைப் போலவே தோன்றும் வேறொரு முகவரிக்கு அட்டை விவரங்களின் ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் ஒருவருக்கும் தெரியவில்லை. பணப் பரிவர்த்தனை வழக்கம்போல் நடந்துகொண்டிருந்ததால் வாடிக்கையாளருக்கோ நிறுவனத்துக்கோ ஐயப்படக் காரணமே இல்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020-இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

இதிலிருந்து சிறு கடை எடுத்துக்கொள்ள வேண்டியது, வெளியிலிருந்து ஏற்றப்படும் ஸ்கிரிப்டுகளைக் குறைப்பது. அரட்டைப் பெட்டி, விளம்பரக் கண்காணிப்பு, எழுத்துருச் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது, அந்தந்த நிறுவனத்துக்கு உங்கள் பக்கத்தை மாற்றி எழுதும் உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். பழைய உலாவிகளுக்காகப் பல ஆண்டுகள் நம்பிப் பயன்படுத்தப்பட்ட பாலிஃபில் டாட் ஐஓ என்ற சேவையின் டொமைன் 2024-இல் கைமாறியது. அந்த ஜூனில் அதே முகவரி தீய நிரலை வழங்கத் தொடங்கியபோது, அதை இணைத்திருந்த தளங்கள் 1,00,000-க்கும் மேல். அந்தத் தளங்களின் உரிமையாளர்கள் அன்று தங்கள் தளத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை. பணம் செலுத்தும் வழியில் உள்ள பக்கங்களிலாவது அவசியமற்ற வெளி ஸ்கிரிப்டுகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, நிரல் எழுதுபவரிடம் கேட்டே ஆக வேண்டியது. பொருளின் விலையை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் சரிபார்த்த ஒரு தளத்தில், வண்டிப் பக்கத்தின் படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தில் விலை எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணே பேமென்ட் கேட்வேக்கும் போனது. உலாவியிலேயே உள்ள டெவலப்பர் கருவியைத் திறந்து 1200 என்ற எண்ணை 1 என்று மாற்றி அனுப்பினேன். 1 மட்டும் கழிந்தது. ஆர்டர் ‘பணம் பெறப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் பதிவானது. உலாவியிலிருந்து வரும் எதையும் வாடிக்கையாளர் கையால் எழுதிக் கொடுத்த சீட்டாகவே கருத வேண்டும். பொருளின் அடையாள எண்ணையும் எண்ணிக்கையையும் மட்டும் வாங்கிக்கொண்டு, விலையைத் தன் தரவுத்தளத்திலிருந்து சர்வரே கணக்கிட வேண்டும். கேட்வேயிலிருந்து வரும் உறுதிச் செய்தியின் கையொப்பத்தைச் சரிபார்த்து, தொகையும் பொருந்தினால் மட்டுமே பொருளை அனுப்ப வேண்டும்.

ஒரே இரவில் நூற்றுக்கணக்கான சிறு ஆர்டர்கள் வந்து, அவற்றில் பெரும்பாலானவை தோல்வியடைந்திருக்கின்றன. இது என்ன?

திருடப்பட்ட அட்டைகளில் எவை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பதை உங்கள் தளத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கடையிலேயே விலை குறைந்த பொருளையோ, விரும்பிய தொகை கொடுக்கும் நன்கொடைப் பெட்டியையோ இதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். கேட்வே நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். நிறைவேறிய ஆர்டர்களுக்குப் பொருள் அனுப்பாமல் பணத்தைத் திருப்பிவிடுங்கள், இல்லையெனில் அட்டையின் உண்மையான சொந்தக்காரர் முறையிடும்போது தொகையோடு அபராதக் கட்டணமும் உங்களிடமிருந்து பிடிக்கப்படும். ஒரே முகவரியிலிருந்து சில நிமிடங்களில் இத்தனை முயற்சிகள்தான் என்று வரம்பு வைப்பதும், பணம் செலுத்தும் இடத்தில் கேப்ட்சா (வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் புதிர்) வைப்பதும் மறுமுறை நடக்காமல் தடுக்கும்.

வாடிக்கையாளர் விவரங்களை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

வரிக் கணக்குக்கும் பொருள் திரும்பப் பெறுவதற்கும் தேவையான அளவு மட்டும். பிறந்த தேதி, பாலினம், இரண்டாவது தொலைபேசி எண் என்று படிவத்தில் பழக்கத்தால் சேர்க்கப்பட்ட புலங்களைப் பாருங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாத புலத்தை எடுத்துவிடுங்கள். உங்களிடம் இல்லாத தகவலை உங்களிடமிருந்து யாரும் திருட முடியாது. வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களை எந்தத் தளமும் திரும்பப் படிக்கக்கூடிய வடிவில் வைத்திருக்கக் கூடாது. ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் முறையில் ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றித்தான் வைக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: உங்கள் கடையிலேயே ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்துங்கள். பழைய கடவுச்சொல்லே மின்னஞ்சலில் வந்தால் தளத்தை உடனே திருத்தியாக வேண்டும்.

ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் காப்புநகல் எடுக்கிறது. அது போதாதா?

போதாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றியது. ஒரு கட்டடம் முழுவதுமாக அழிந்தது. காப்புநகலும் அதே வளாகத்தில் இருந்தவர்களில் சிலர் இரண்டையும் ஒன்றாக இழந்தார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகையான சேமிப்பு, அதில் ஒன்று வேறிடத்தில் என்று பொதுவாகச் சொல்லப்படும் விதி இதற்காகத்தான் இருக்கிறது. சிறு கடைக்கு, ஹோஸ்டிங் நிறுவனம் எடுப்பது ஒன்று, அதனோடு தொடர்பில்லாத வேறொரு நிறுவனத்தின் சேமிப்பில் ஒன்று, மாதம் ஒருமுறை உங்கள் கையிலுள்ள வன்தட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதுமானது. இரண்டாவது சேமிப்பில் உள்ள பழைய நகல்களை அழிக்கும் உரிமை தளத்தின் சர்வருக்கு இருக்கக் கூடாது. இருந்தால் சர்வரைப் பிடித்தவர் நகலையும் அழித்துவிடுவார்.

ஆனால் எடுப்பதைவிட முக்கியம் மீட்டுப் பார்ப்பது. நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் களைத்துப்போன இரவு நேரத்தில் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. பல வகைக் காப்புநகல் ஏற்பாடுகள் அவர்களிடம் இருந்தன. தேடிப் போனபோது தானியங்கி நகல்கள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்புகள் பொருந்தாமல் நகலெடுப்பது நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ, டிமார்க் என்ற மின்னஞ்சல் அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டு யாரையும் சென்றடையவில்லை. தற்செயலாகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் விரிவாக எழுதி வெளியிட்ட அந்த நிறுவனத்துக்கு நம் போன்றவர்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

என் அனுபவத்தில், ஒரு கடையின் காப்புநகல் கோப்பு ஒவ்வோர் இரவும் தவறாமல் உருவாகிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தபோது படங்கள் எல்லாம் இருந்தன, தரவுத்தளம் இல்லை. அதாவது பொருட்களின் புகைப்படங்கள் இருந்தன. எந்த ஆர்டர் யாருக்கு என்பது இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நகலை ஒரு காலி இடத்தில் முழுவதுமாக நிறுவி, நேற்றைய கடைசி ஆர்டர் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

நாங்கள் அனுப்பும் ரசீதுகள் ஸ்பேமுக்குப் போகின்றன. எங்கள் பெயரில் வேறு யாரோ மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பது அதன் பிறவிக் குறை. எந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் பதிவு சொல்கிறது. வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு டிகேஐஎம் கையொப்பமிடுகிறது. இவை பொருந்தாத மின்னஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று டிமார்க் அறிவிக்கிறது. மூன்றும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ் (முகவரி அமைவுகள்) பகுதியில் சேர்க்க வேண்டிய உரைப் பதிவுகள். நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது; மொத்தமாக அனுப்புவோருக்கு யாகூவும் அப்படியே செய்தது. குறைவாக அனுப்புவோரும் செய்துவிடுவது நல்லது. அடிக்கடி நேரும் தவறு, செய்திமடல் சேவை ஒன்றைச் சேர்க்கும்போது இரண்டாவதாக ஓர் எஸ்பிஎஃப் பதிவை எழுதிவிடுவது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. டிமார்க்கை முதலில் அறிக்கை மட்டும் பெறும் நிலையில் வைத்து, உங்கள் சொந்த மின்னஞ்சல்கள் எல்லாம் தேறுகின்றனவா என்று சில வாரம் பார்த்துவிட்டு, பிறகு நிராகரிக்கும் நிலைக்கு உயர்த்துங்கள்.

‘உங்கள் தளத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது, பணம் கொடுத்தால் சொல்கிறேன்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

விவரம் எதுவும் சொல்லாமல் முதலில் பணம் கேட்பவர் பெரும்பாலும் ஒரு தானியங்கிக் கருவியை ஓட்டிப் பார்த்து, டிமார்க் பதிவு இல்லை என்பது போன்ற சிறு குறையை வைத்துக்கொண்டு ஆயிரம் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறவராக இருப்பார். பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் எந்தப் பக்கத்தில், எப்படிச் செய்தால் என்ன நடக்கிறது என்று எழுதி அனுப்புகிறவரை மரியாதையோடு நடத்துங்கள். அவர் உங்களுக்கு உதவி செய்கிறார். அப்படிப்பட்டவர்கள் உங்களைத் தொடர்புகொள்ள ஒரு முகவரியைத் தளத்தில் எழுதி வையுங்கள்.

தளம் ஹேக் ஆகிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் அழிக்காதீர்கள். பதற்றத்தில் கோப்புகளை அழித்துவிட்டால் எப்படி நுழைந்தார்கள் என்பதற்கான தடயமும் அழிந்துவிடும். வழி தெரியாமல் சுத்தம் செய்த தளத்தில் அடுத்த வாரமே திரும்பி வருவார்கள். முதலில் பராமரிப்புப் பக்கத்தைப் போட்டு விற்பனையை நிறுத்துங்கள். இருக்கும் நிலையிலேயே எல்லாக் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் வருகைப் பதிவேட்டையும் நகலெடுத்து வையுங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் கேட்வே நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். வைரஸ் இல்லை என்று உறுதியான ஒரு கணினியிலிருந்து மின்னஞ்சல் தொடங்கி எல்லாக் கடவுச்சொற்களையும், நிரலில் எழுதப்பட்ட ஏபிஐ சாவிகளையும் (பிற சேவைகளோடு இணைக்கும் ரகசியக் குறியீடுகள்) மாற்றுங்கள். நீங்கள் உருவாக்காத அட்மின் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். படங்கள் மட்டும் இருக்க வேண்டிய கோப்புறையில் பிஎச்பி (சர்வரில் இயங்கும் நிரல்) கோப்பு இருந்தால் அது பெரும்பாலும் பின்கதவு.

பிறகு மென்பொருளையும் பிளகின்களையும் அவற்றின் மூல இடத்திலிருந்து புதிதாக இறக்கி நிறுவி, நுழைவதற்கு முந்தைய நாளின் தரவுத்தளத்தைச் சேர்த்து, நுழைந்த வழியை அடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். கெட்டுப்போன கோப்புகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வதை நான் நம்புவதில்லை. ஒரே ஒரு வரி தப்பினாலும் அத்தனை உழைப்பும் வீண்.

வாடிக்கையாளர் விவரம் கசிந்திருந்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டத்தின்படி, மக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய கசிவைத் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டு மக்களுக்கு விற்கிறீர்களோ அந்த நாட்டின் விதியைப் பாருங்கள். என்ன கசிந்தது, என்ன கசியவில்லை, அவர்கள் இப்போது செய்ய வேண்டியது என்ன என்று நேராக எழுதுங்கள். சட்டத்தை விடுங்கள், தன் வீட்டு முகவரியை நம்பிக் கொடுத்தவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

தளத்தைச் செய்துகொடுத்த டெவலப்பர் விலகப் போகிறார். அவரிடமிருந்து என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

அவர் இருக்கும்போதே, நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தின் முழு நிரல், தரவுத்தளத்தின் நகல், எந்தெந்த வெளிச் சேவைகளில் எந்த மின்னஞ்சலில் கணக்கு இருக்கிறது என்ற பட்டியல், விலை கொடுத்து வாங்கிய பிளகின்களின் உரிமச் சாவிகள், டிஎன்எஸ் பதிவுகளின் பிரதி ஆகியவை வேண்டும். அவர் பக்கத்தில் அமர்ந்திருக்க, நீங்கள் உங்கள் கணினியிலிருந்து ஒவ்வொரு கணக்கிலும் உள்நுழைந்து பாருங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு எண் அவருடைய கைபேசிக்குப் போகும் கணக்கு ஒன்றாவது அப்போது வெளிப்படும், அதை அங்கேயே மாற்றிவிடலாம். எல்லாம் முடிந்த பிறகு அவருடைய அனுமதிகளை நீக்குங்கள். நேர்மையான டெவலப்பர் இதைத் தம்மீதான ஐயமாக எடுத்துக்கொள்ள மாட்டார். நாளை ஏதேனும் நடந்தால் கேள்வி அவரிடம் வராமல் இருப்பது அவருக்கும் நல்லதுதான்.